வராதவர்களின் கணக்கு

நேயர்களுக்கு என் வணக்கம்.

ராணுவத் தளம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை முள்வேலியும், வாயிலில் துப்பாக்கியுடன் நிற்கும் காவலரும், உள்ளே நடக்கும் அணிவகுப்பும்தான். அந்த வேலிக்கு உள்ளேயே நூலகம், உடற்பயிற்சிக் கூடம், மரவேலைப் பட்டறை, குழந்தைகள் காப்பகம், கூடாரமும் படகும் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஆகியவை இருக்கின்றன. அவற்றை நடத்தவும், சனிக்கிழமை மாலைகளில் இசை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யவும் தனியாக ஒரு துறையே இயங்குகிறது. அமெரிக்கத் தரைப்படைத் தளம் ஒன்றில் அந்தத் துறையின் விழா ஏற்பாட்டுப் பிரிவில் நான் பதினைந்து வாரங்கள் இன்டர்ன்ஷிப், அதாவது பயிற்சிப் பணி செய்தேன். அதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் திருச்சியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குச் சென்று, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று வளர்ந்தவள். கல்லூரியில் நான் எடுத்துக்கொண்ட பாடம் பொழுதுபோக்கு மேலாண்மை. "பொழுதைப் போக்குவதற்கும் ஒரு பட்டமா?" என்று என் தாத்தா தொலைபேசியில் கேட்டார், அவருக்கு அன்று சரியான விடை சொல்ல என்னால் முடியவில்லை. அமெரிக்காவில் நகரப் பூங்காக்களையும் சமுதாயக் கூடங்களையும் விளையாட்டுத் திடல்களையும் நிர்வகிப்பது தனித் தொழில். அதற்கான அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்புகளில் குறைந்தது 400 மணி நேரப் பயிற்சிப் பணி கட்டாயம். என் வகுப்புத் தோழர்கள் பூங்காக்களுக்கும் உல்லாச விடுதிகளுக்கும் சென்றார்கள். நான் படைத்தளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய இலட்சியம் எதுவும் காரணமன்று. அது எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடப் பயணத்தில் இருந்தது. பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது என்பதால் வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் உறங்கி வேலைக்குப் போவதே கட்டுப்படியாயிற்று.

எம்.டபிள்யூ.ஆர். என்று அழைக்கப்படும் அந்தத் துறையின் முழுப்பெயரைத் தமிழில் மன உறுதி, நலன், பொழுதுபோக்கு என்று சொல்லலாம். பொழுதுபோக்கு மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் உலகப் போரின்போது பிரான்சில் போர்முனைக்குப் பின்னால் அமெரிக்க வீரர்களுக்குக் காப்பியும் டோனட்டும் கொடுத்து ஆறுதலாக இருந்தவர்கள் சால்வேஷன் ஆர்மி, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள். அடுத்த போர் நெருங்கிக்கொண்டிருந்த 1940-இல் தரைப்படை தனக்கென்று ஒரு மன உறுதிப் பிரிவை அமைத்தது. அதுவே பின்னர் ஸ்பெஷல் சர்வீசஸ் என்று பெயர் மாறியது. 1941 பிப்ரவரியில் தொண்டு அமைப்புகள் பல ஒன்றுசேர்ந்து, வீரர்களுக்குப் பொழுதுபோக்கு வழங்கும் யு.எஸ்.ஓ. என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அதே ஆண்டு மே 6-ஆம் நாள் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் தம் நிகழ்ச்சியைக் கலிபோர்னியாவிலுள்ள மார்ச் ஃபீல்டு விமானத்தளத்தில் வீரர்களுக்கு முன்னால் நடத்தினார்; அது ஒரு வானொலி நிகழ்ச்சி என்பதை இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்து சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1980-களின் நடுப்பகுதி வரை இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற சீருடைப் பணியாளர்கள் தரைப்படையில் இருந்தார்கள். அதன்பின் அது பெரும்பாலும் சீருடை அணியாத ஊழியர்களின் கைக்கு வந்தது. என்னைப் போன்ற மாணவர்கள் உள்ளே நுழைய வழி கிடைத்ததும் அதனால்தான்.

முதல் வாரத்தில் எனக்கு நிகழ்ச்சி எதையும் காட்டவில்லை. கணக்குப் புத்தகத்தைக் காட்டினார்கள். தளத்தின் பொழுதுபோக்குப் பணிகள் ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. உடற்பயிற்சிக் கூடம், நூலகம் போன்றவை ஏ வகை: படையின் பணிக்கே இன்றியமையாதவை என்று கருதப்படுவதால், அவற்றின் செலவில் குறைந்தது 85 விழுக்காட்டை அரசு ஒதுக்கீடு ஏற்க வேண்டும் என்பது விதி. குழந்தைகள் காப்பகம், கைவினைப் பட்டறை போன்றவை பி வகை. அவற்றுக்கு 65 விழுக்காடு. கோல்ஃப் திடல், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பெரிய பௌலிங் கூடம் போன்ற சி வகை, பெரும்பாலும் தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டியது. தமிழ்நாட்டில் ராணுவ கேன்டீன் என்று நாம் சொல்வதற்கு இணையாக அங்கே எக்ஸ்சேஞ்ச் என்ற கடைகள் உண்டு. தரைப்படைக்கான அந்த அமைப்பு 1895-இல் தொடங்கப்பட்டது. அவற்றின் இலாபத்தில் ஒரு பங்கு இந்தத் துறைக்கு வருகிறது. ஆக, வீரர் ஒருவர் எக்ஸ்சேஞ்சில் வாங்கும் காலணியும் பற்பசையும் சுற்றிச் சுழன்று அவருடைய குழந்தை பார்க்கும் பொம்மலாட்டமாகத் திரும்புகின்றன. போதாத பணத்துக்கு நாங்கள் உள்ளூர் வணிகர்களை நாடுவோம். அவர்களுடைய பெயரை மேடையில் தொங்கவிடலாம். ஆனால் கூட்டரசு இந்த வணிகரை ஆதரிப்பதாகப் பொருளில்லை என்ற வாசகத்தையும் அங்கேயே அச்சிட வேண்டும். நன்றி சொல்லும் பலகையிலேயே கைகழுவும் வாசகமும் இருப்பது எனக்கு நீண்ட நாள் வேடிக்கையாக இருந்தது.

மூன்றாவது வாரத்தில் என் முதல் நிகழ்ச்சி நடந்தது: திறந்தவெளித் திரைப்படமும், குழந்தைகளுக்கான விளையாட்டுகளும். என் கையில் கட்டைவிரலால் அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று கூடும் சிறு கருவியைக் கொடுத்து நுழைவிடத்தில் நிறுத்தினார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். மறுநாள் காலை அந்த எண்ணைப் பெருமையுடன் என் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் இருபது ஆண்டுகள் படையில் பணியாற்றி ஓய்வுபெற்று, அதே தளத்தில் சாதாரண உடையில் வேலைக்குச் சேர்ந்த பெண்மணி. எண்ணைப் பார்த்துவிட்டு, "சரி, யார் வரவில்லை?" என்று கேட்டார். வராதவர்களை எப்படி எண்ணுவது என்று விழித்தேன். அவர் ஒரு தாளை எடுத்துத் தாமே எழுதத் தொடங்கினார்: இரவு முறை வேலையிலிருந்த மருத்துவமனைப் பணியாளர்கள், வாயிற்காவலர்கள், கணவர் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டிருக்க இரண்டு கைக்குழந்தைகளுடன் தனியாக இருக்கும் தாய்மார்கள், கார் இல்லாத பத்தொன்பது வயதுப் புது வீரர்கள். "நேற்று வந்தவர்கள் நாம் நடத்தாவிட்டாலும் எங்காவது போய் மகிழ்ந்திருப்பார்கள்" என்றார். அது சற்றுக் கடுமையான தீர்ப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். இருந்தாலும் அடுத்த பன்னிரண்டு வாரங்களும் என் வேலை அந்தத் தாளைச் சுற்றியே நடந்தது.

எங்கள் அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு நாட்காட்டி தொங்கியது. வெளியுலகில் விழா வைப்பவர் மழையையும் பண்டிகையையும் பார்த்து நாள் குறிப்பார். படைத்தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பள நாள். அமெரிக்கப் படையினருக்கு மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் சம்பளம் வருகிறது. 12, 13, 14 தேதிகளில் இளம் வீரர் பலருடைய பை காலியாக இருக்கும், இலவச நிகழ்ச்சியானாலும் குழந்தை ஐஸ்கிரீம் கேட்குமே என்று பெற்றோர் வரத் தயங்குவார்கள். அடுத்து, திங்கட்கிழமை அரசு விடுமுறை வந்தால் பல பிரிவுகளுக்கு வெள்ளியும் சேர்த்து நான்கு நாள் ஓய்வு கிடைக்கும். புதியவர்கள் அந்த நாள்களைத்தான் விழாவுக்கு ஏற்றவை என்று எண்ணுவார்கள், தளமோ வெறிச்சோடிக் கிடக்கும். கோடைக்காலம் இடமாற்றப் பருவம். வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பாட்டுக் கச்சேரிக்கு அழைத்துப் பயனில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எந்தப் பிரிவு எந்த வாரத்தில் காட்டுப் பயிற்சிக்குப் போகிறது என்ற விவரம் உண்டு. அது எங்களுக்குத் தேவையான அளவு மட்டுமே சொல்லப்படும். காரணம் கேட்கக் கூடாது. "அந்த வாரம் வேண்டாம்" என்று தொலைபேசியில் சொல்வார்கள். நாங்கள் அந்த வாரத்தை அடித்துவிடுவோம்.

கார் இல்லாத புது வீரர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருமணமாகாத வீரர்கள் தளத்துக்குள் பாசறைக் கட்டடங்களில் தங்குகிறார்கள். பள்ளியை முடித்த கையோடு வந்தவர்கள். குடும்பம் ஆயிரம் மைல் தொலைவில் இருக்கும். தளம் ஒரு சிறு நகரம் அளவுக்குப் பரந்தது என்பதால், விழாத் திடலுக்கு நடந்து வருவது ஆகாத காரியம். இவர்களுக்காகவே தரைப்படை 1989-இல் பாஸ் (BOSS) என்ற திட்டத்தைத் தொடங்கியது. தனியாக வாழும் வீரர்களுக்கு மேலான வாய்ப்புகள் என்பது அதன் பெயரின் பொருள். அதில் வீரர்களே தங்கள் பிரதிநிதிகளைக் கொண்டு கூடிப் பேசி, குறைகளை மேலிடத்துக்குத் தெரிவித்து, சுற்றுலாவும் போட்டியும் தாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். அவர்களுடைய கூட்டம் ஒன்றில் நான் அமர்ந்து, என்ன நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்டேன். புகழ்பெற்ற பாடகர் யாரையாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர், பேருந்து வேண்டும் என்றார். இன்னொருவர், நிகழ்ச்சி எட்டரைக்கு முடிய வேண்டும், விடியற்காலை உடற்பயிற்சிக்கு அணிவகுக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் நெடுநேரம் தயங்கி, ஏதாவது சமைத்துச் சாப்பிட ஓர் அடுப்பு கிடைக்குமா என்று கேட்டார். அந்த மாதம் நாங்கள் நடத்தியது ஒரு சமையல் மாலை. நான் எலுமிச்சைச் சாதம் செய்தேன். காரம் போதவில்லை என்று டெக்சாஸிலிருந்து வந்திருந்த ஒருவர் குறை சொன்னார்.

வாயிற்காவல் விதிகளை நான் சரியாகக் கற்றுக்கொண்டது ஒரு தவற்றால்தான். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வணிகரும், அவருடைய ஓட்டுநரும், உதவியாளரும் பெயர் கொடுத்துப் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். உணவு வண்டிகளைத் தளத்தின் சுகாதாரப் பிரிவினர் தனியே பார்வையிடுவார்கள். காற்றடைத்துக் குழந்தைகள் குதிக்கும் பெரிய பலூன் வீட்டை வாடகைக்குத் தரும் நிறுவனம் ஒன்று எங்களுக்கு ஓர் ஓட்டுநரின் பெயரைக் கொடுத்திருந்தது. விழா நாளன்று வேறொருவரை அனுப்பியது. மாற்றம் உண்டா என்று முந்திய நாள் விசாரித்திருக்க வேண்டியவள் நான்தான். வண்டி வாயிலிலேயே நின்றுவிட்டது. கெஞ்சிப் பார்த்தேன், காவலர் மிகுந்த மரியாதையுடன் மறுத்தார். விழாவை ஒட்டித் தயாரிக்க வேண்டிய அபாய மதிப்பீட்டுப் படிவத்தில் மின்னல், வெயில், கூட்ட நெரிசல், சறுக்கி விழுதல் என எல்லாவற்றையும் எழுதியிருந்த நான், ஓட்டுநர் மாறுவதை எழுதவில்லை. பலூன் வீடு இல்லாத திடலில் சாக்கு ஓட்டமும் கயிறு இழுத்தலும் நடத்திச் சமாளித்தோம். கயிறு இழுப்பதில் தங்களுக்கு இருந்த தேர்ச்சியை வீரர்கள் அன்று காட்டிவிட்டதால், யாரும் பலூனைத் தேடவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் பார்த்தேன். மாலை ஐந்து மணிக்குக் கொடி இறக்கும் எக்காளம் ஒலிபெருக்கியில் எழுந்தது. மேசைகளைத் தூக்கிவந்த ஃபோர்க்லிஃப்ட் என்னும் பளுதூக்கி வண்டி நடுவழியில் நின்றது. கார்கள் சாலையோரம் ஒதுங்கின. சீருடையில் இருந்தவர்கள் கொடியிருக்கும் திசை நோக்கி வணக்கம் வைத்து நின்றார்கள். சாக்குக்குள் கால்களை விட்டிருந்த சிறுவர்கள்கூட அப்படியே அசையாமல் நின்றார்கள். அதன்பின் நான் தயாரித்த எல்லா நிகழ்ச்சி நிரல்களிலும் ஐந்து மணிக்கு எதையும் தொடங்கவில்லை.

ஏப்ரல் மாதம் அங்கே படைவீரர் குழந்தைகளின் மாதமாக 1986 முதல் கொண்டாடப்படுகிறது. விதைகள் காற்றில் பறந்து விழுந்த இடத்தில் வேர்விடும் டான்டலைன் என்ற செடியின் பூவை அக்குழந்தைகளின் அடையாளமாகக் கொள்கிறார்கள். அந்த மாத விழாவில் நான் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம், இது உனக்கு எத்தனையாவது பள்ளி என்று கேட்டேன். ஐந்தாவது என்றாள். நான் திருச்சியை விட்டு வந்தபோது ஒரே ஒரு பள்ளி மாறியதற்காக ஓராண்டு அழுதவள்; அவள் முன்னால் அதைச் சொல்லவில்லை. அந்த விழாவுக்குக் கணவர் வெளிநாட்டில் இருந்த தாய்மார்களுக்காகக் குழந்தை பார்த்துக்கொள்ள ஆள்களை அமர்த்தி, ஒரு நிழற்கூடாரத்தில் நாற்காலிகளை மட்டும் போட்டு வைத்தோம். அந்தக் கூடாரத்தில் நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஒருவர் நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். என் மேற்பார்வையாளர் அன்று ஒலிபெருக்கியின் ஒலியைக் குறைக்கச் சொன்னார்.

ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்தபின் என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்யலாம் என்று அறிக்கை எழுதுவது படையிலிருந்தே அந்தத் துறைக்கு வந்த வழக்கம். போர்ப்பயிற்சிக்கும் பொம்மலாட்டத்துக்கும் கேள்விகள் அவையேதாம். அந்த அறிக்கைகள் எங்கள் அறையில் தடிமனான கோப்புகளில் இருந்தன. எனக்கு முன்பு வந்துபோன பயிற்சியாளர்களின் கையெழுத்தை அவற்றின் ஓரங்களில் படித்துத்தான் நான் பாதி வேலையைக் கற்றேன். கடைசி வாரத்தில் நானும் என் பக்கங்களைச் சேர்த்தேன். வந்தவர்கள் எத்தனை என்ற கட்டத்துக்குக் கீழே, வராதவர்கள் யார் என்று ஒரு கட்டத்தைக் கோடு போட்டு வரைந்து, கடைசியில் "முதலில் சம்பள நாளைப் பார்க்கவும், முந்திய நாள் ஓட்டுநரின் பெயரைக் கேட்கவும்" என்று எழுதி வைத்தேன். எனக்கு அடுத்து வந்த மாணவர் சில மாதங்கள் கழித்து ஒரு கேள்விக்காக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்தப் பக்கத்தின் படத்தையும் இணைத்திருந்தார். என் வரிக்குக் கீழே அவர் பச்சை மையில் சேர்த்திருந்தார்: "எலுமிச்சைச் சாதத்துக்கு மிளகாயைக் கூட்டவும்."

வணக்கம்.