கலியாணம் கட்டாத அக்காவை விஓஜியிடம் கூட்டிப் போகலாமா?

சரி, அடுத்த கேள்வி ஒரு தங்கச்சி அனுப்பியது. வாசிக்கிறேன். "டொக்டர், என் அக்காவுக்கு 42 வயது, கலியாணம் கட்டவில்லை. ஒரு வருடமாக மாதவிடாய் ஒன்பது, பத்து நாளைக்கு நிற்காமல் போகிறது, கட்டி கட்டியாகவும் படுகிறது. ஆஸ்பத்திரியில் விஓஜி டொக்டரிடம் காட்டுவோம் என்றால், அது பிள்ளைத்தாச்சிமார் போகிற இடம், அங்கே என்னைக் கண்டால் சனம் என்ன கதைக்கும் என்கிறா. அங்கே கர்ப்பிணிகளை மட்டும்தான் பார்ப்பார்களா?"

இல்லை, தங்கச்சி. ஆனால் அக்காவைப் பிழை சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரிப் பலகையில் 'மகப்பேற்று மற்றும் பெண்நோயியல்' என்று எழுதியிருக்கும். முதல் சொல்லோடு எங்கள் கண் நின்றுவிடும். விஓஜி (VOG) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் 'ஓ' பிள்ளைப்பேறு, 'ஜி' பெண்நோயியல். இரண்டையும் பார்ப்பவர் ஒரே டொக்டர்தான். உங்கள் அக்காவுக்குத் தேவை அந்த 'ஜி'.

அங்கே யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாத பிள்ளையைத் தாய் கூட்டி வருவா. சாமத்திய வீடு செய்து இரண்டு வருடமாகியும் மாதவிடாய் ஒழுங்குக்கு வராத பிள்ளை வரும். கரு கலைந்தவர்கள், பிள்ளை இல்லை என்று வருகிறவர்கள், குடும்பக் கட்டுப்பாடு கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் உண்டு. எனக்கு மனவருத்தம் தருவது ஆச்சிமார்தான். ஆறேழு பிள்ளை பெற்று, வெங்காயத் தோட்டத்தில் கடகம் தூக்கிய உடம்பு. கர்ப்பப்பை கீழே இறங்கி வந்திருக்கும். தானே உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு பத்து வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருப்பா. பலருக்குக் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்தாலே போதும், வெட்டத் தேவையில்லை.

இப்போது அக்காவின் விஷயம். ஏழு நாளுக்கு மேல் போவதும், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாட் மாற்ற வேண்டி வருவதும், பெரிய கட்டிகள் படுவதும் சாதாரணம் அல்ல. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைரொயிட் பிரச்சினை இருக்கலாம், ஹோர்மோன் குழப்பம் இருக்கலாம். பிள்ளை பெறாதவர்களுக்கு நார்க்கட்டி கொஞ்சம் கூடுதலாக வருகிறது. கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்றும் அப்படித்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை. 'கலியாணம் கட்டவில்லை, எனக்கு என்ன வரப்போகிறது' என்ற நினைப்புத் தலைகீழ் என்பதற்காகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன செய்வார்கள் என்பதுதான் அவவின் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். முதலில் கதைப்பார்கள். இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். ஸ்கானை வயிற்றுக்கு மேலாலேயே எடுக்கலாம், தண்ணீர் குடித்துச் சலம் முட்ட இருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். கலியாணம் கட்டாதவருக்கு எடுத்தவுடன் உட்பரிசோதனை செய்வதில்லை. தேவைப்பட்டால் கேட்டுத்தான் செய்வார்கள், பெண் தாதி பக்கத்தில் நிற்பா, வேண்டாம் என்று சொல்ல அவவுக்கு உரிமை உண்டு. 'போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள்' என்ற கதையையும் நம்ப வேண்டாம். பலருக்கு இரும்புச்சத்தும் இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையுமே தொடக்கம். குளிசையில் அடங்காவிட்டால் உட்சுவரில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்கள், மயக்கம் கொடுத்தும் அதைச் செய்யலாம்.

சனம் கதைக்கும் என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் பெரியம்மாவுக்கு 63 வயதில் இரத்தம் பட்டது. மாதவிடாய் நின்று பன்னிரண்டு வருடம். எட்டு மாதம் துணியை இரவில் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறா. வீட்டில் நான் ஒரு டொக்டர், எனக்கே சொல்லவில்லை. கடைசியில் புற்று என்று தெரிந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் அலைந்தோம். மாதவிடாய் ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் காட்ட வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றாக இராது. அந்த ஒருவர் யார் என்று வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முடியாது.

கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, சனம் 'வெல் வுமன் கிளினிக்' என்று சொல்லும். 1996 முதல் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. 35 வயதானவர்களைத்தான் முக்கியமாக அழைப்பார்கள். பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் அங்கேயே. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் நாள் சொல்லுவா. ஆனால் அது வருத்தம் இல்லாதவர்களுக்கு. அக்கா அதற்குக் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகள் கிளினிக் ஒரு நாள், பெண்நோயியல் கிளினிக் வேறு நாள். அந்த நாளைக் கேட்டுப் போனால் வாங்கில் பக்கத்தில் இருப்பவர்களும் அக்காவைப் போன்றவர்கள்தான். கடைசி மூன்று மாதமும் எந்தத் திகதி தொடங்கி எந்தத் திகதி நின்றது, ஒரு நாளைக்கு எத்தனை பாட் என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போகச் சொல்லுங்கள். தலைச்சுற்று, மூச்சு வாங்குதல் இருந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள், தங்கச்சி.