ஒரு மரம், மூன்று பெயர்

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் ஓர் இலையைக் கொடுத்திருக்கிறேன். கசக்கி முகர்ந்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். எலுமிச்சை வாசம் அடிக்கிறதா? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கத்து மரம் இது. 1848-இல் யூகலிப்டஸ் சிட்ரியோடோரா என்று பெயர் வைத்தார்கள். 1995-இல் கோரிம்பியா சிட்ரியோடோரா ஆனது. 2024-இல் பிளேக்கெல்லா சிட்ரியோடோரா என்கிறார்கள். வாசம் அதேதான், முன்னால் நிற்கும் வீட்டுப் பெயர்தான், அதாவது பேரினப் பெயர்தான், மாறிக்கொண்டே போகிறது.

நாவல், கொய்யா, கிராம்பு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான். ஆனால் தைல மரக் கூட்டத்தை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டியது ஒரு மூடி. 1777-இல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் பயணத்தில் டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனி தீவில் செடி சேகரிப்பாளர் டேவிட் நெல்சன் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போனார். அது லண்டனில் கிடந்தது. 1788-இல் பிரெஞ்சுக்காரர் லெரித்தியே அதைப் பார்த்து யூகலிப்டஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள். மொட்டின் தலையில் குல்லாய் மாதிரி ஒரு மூடி இருக்கும். இதழ்கள் விரியாமல் ஒட்டிப்போய்த்தான் மூடியாகின்றன. பூக்கும்போது அது கழன்று கீழே விழுந்துவிடும். பிறகு நாம் 'என்ன அழகான பூ' என்று பார்ப்பதெல்லாம் வெறும் மகரந்தத் தாள்கள். பல இனங்களில் மூடி இரண்டு. வெளிமூடி முன்னாடியே விழுந்து, மொட்டைச் சுற்றி மெல்லிய தழும்பு மட்டும் தெரியும்.

சரி, மூடி இருந்தால் யூகலிப்டஸ் என்று முடித்திருக்கலாம். 1797-இல் ஸ்பெயின் தாவரவியலாளர் கவானில்லஸ் ஆங்கோபோரா என்று ஒன்றைக் கொண்டுவந்தார். சாயலெல்லாம் அதேதான், ஆனால் மூடி கிடையாது, தனித்தனியாகச் சின்ன இதழ்கள்.

அப்புறம் இனங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. எதை வைத்துப் பிரிப்பது? மெல்போர்னில் இருந்த தாவரவியலாளர் முல்லர் காட்டில் நடந்து மரப்பட்டையைப் பார்த்தார்: வழவழப்பானது, நார் நாராக உரிவது, இரும்பு மாதிரி கருத்து இறுகியது. லண்டன் கியூ தோட்டத்தில் இருந்த பெந்தம் 1867-இல் மகரந்தப் பையின் வடிவத்தை வைத்துப் பிரித்தார். அவர் ஆஸ்திரேலியாவை எட்டிப் பார்த்ததே இல்லை. அவர் மேசைக்கு வந்தது உலர்ந்த கிளை, அதில் பட்டை எங்கே ஒட்டியிருக்கப் போகிறது? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருப்பதை வைத்துத்தானே யாரும் பிரிக்க முடியும்.

1995-இல் ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் கென் ஹில்லும் லாரி ஜான்சனும் 113 இனங்களை யூகலிப்டஸிலிருந்து பிரித்துக் கோரிம்பியா என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். நம் எலுமிச்சை வாசக்காரரும் அதில் போனார். 2000-இல் இயன் புரூக்கர், பிரிவினையே வேண்டாம், ஆங்கோபோரா உட்பட எல்லாம் யூகலிப்டஸ்தான் என்று ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்.

டி.என்.ஏ. வந்து வேடிக்கையைக் கூட்டியது. மூடியுள்ள கோரிம்பியா, மூடியுள்ள யூகலிப்டஸைவிட மூடியில்லாத ஆங்கோபோராவுக்குத்தான் நெருங்கிய உறவாம். ஆகவே ஆங்கோபோராவைத் தனியாக விட்டுவிட்டு மற்ற இரண்டையும் சேர்த்துவைப்பது நியாயமில்லை. மூன்றையும் பிரிக்கலாம், அல்லது மூன்றையும் சேர்க்கலாம். உறவு எப்படி என்பதை டி.என்.ஏ. சொல்லிவிடும். சுவர் எங்கே எழுப்புவது என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும். ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்களில் பெரும்பாலோர் மூன்று வீடு என்றே வைத்துக்கொண்டார்கள். 2024-இல் கோரிம்பியாவும் இரண்டாகி, பிளேக்கெல்லா பிறந்தது. இதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

நீலகிரித் தைலம் எடுக்கும் யூகலிப்டஸ் குளோபுலஸ் மட்டும் இந்தப் பாகப்பிரிவினை எதிலும் சிக்காமல் பழைய பெயரோடே நிற்கிறது.

மேசையில் ஒரு மொட்டுக் கொத்து வைத்திருக்கிறேன். போகும்போது ஒவ்வொருவராக வந்து மூடியை நகத்தால் நெம்பிப் பாருங்கள். பார்த்து மெதுவாக, ஏழு மொட்டுதான் இருக்கிறது.