சைக்கிள் கடையில் பிறந்த விமானம்

பேரன்புக்குரிய வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவக் கண்மணிகளே, எல்லோருக்கும் என் மாலை வணக்கம். தலைவர் ஐயாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வந்திருக்கிறார். அவருக்குத் தனி நன்றி. இந்த நூலகத்துக்கு இடம் கொடுத்த குடும்பத்தாரும் வந்திருக்கிறார்கள். அவர்களை வணங்கிவிட்டுத்தான் இங்கே யாரும் பேசத் தொடங்க வேண்டும்.

விமானம் கண்ட முன்னோடிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ரைட் சகோதரர்கள் காற்றை எப்படிப் படித்தார்கள், எஞ்சினை எப்படிச் செய்தார்கள், காப்புரிமைக்காக எப்படி வழக்காடினார்கள் என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்றாள் ஔவை. எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

வில்பரும் ஆர்வில்லும் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். கல்லூரிப் படிப்பு இல்லை. ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் 1896இல் கிளைடரோடு, அதாவது எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானத்தோடு, விழுந்து இறந்தார். அவர் விட்டுப்போன இறக்கைக் கணக்குகளைத்தான் இவர்கள் நம்பிப் பறந்து பார்த்தார்கள். சரிவரவில்லை. 1901இல் ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே விசிறியால் காற்றை ஓடவிட்டு, சுமார் 200 குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். அதற்குள் வைத்த அளவுக் கருவி எதில் செய்தது தெரியுமா? பழைய ரம்பத் தகடும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும்!

அப்புறம் எஞ்சின். கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள், தோதான எஞ்சின் கிடைக்கவில்லை. கடையில் சார்லி டெய்லர் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அதுவரை ஒரே ஒரு கார் எஞ்சினைப் பழுதுபார்க்க முயன்றதுதான் அவருடைய பெட்ரோல் எஞ்சின் அனுபவம். அவரிடம் ஒப்படைத்தார்கள். முறையான வரைபடம் கிடையாது. துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு பாகமாக வரைந்து, வேலைமேசைக்கு மேலே குத்திவைத்துக்கொள்வார்கள். எஞ்சினுக்குள் மேலும் கீழும் போகும் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க் ஷாஃப்ட். அது எப்படி வந்தது என்று கேளுங்கள். 31 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் ஓர் எஃகுப் பாளம். அதன்மேல் கோடு போட்டு, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளை போட்டார். சுத்தியலும் உளியும் எடுத்து வேண்டாத பகுதியைத் தட்டித் தள்ளினார். மிச்சத்தை லேத்தில் கடைந்தார். முடிந்தபோது எடை 19 பவுண்டு. ஆறே வாரத்தில் எஞ்சின் தயார். சோதனையில் உடல்பகுதி உடைந்தது. மறுபடி அலுமினியத்தில் வார்க்கச் சொல்லி, மறுபடி பூட்டினார்கள். அந்த 12 குதிரைசக்தி எஞ்சின்தான் 1903 டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக் என்ற ஊருக்குப் பக்கத்து மணல்வெளியில், ஆர்வில்லை 12 விநாடி சுமந்தது. 120 அடி. அன்றைக்கே நான்காம் முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி போனார். டெய்லர் அப்போது டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எடுத்த புகைப்படத்தில் அவர் இல்லை. அந்த மனிதருக்காகத்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

அதற்கு ஒன்பது நாள் முன்னால், ராணுவத் துறை கொடுத்த 50,000 டாலரோடு முயன்ற பேரறிஞர் லாங்லியின் விமானம் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. அவர் பெரிய விஞ்ஞானி, குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சித்திரமும் கைப்பழக்கம்! பறக்கும் கையை ரைட் சகோதரர்கள் மூன்று வருடம் கிளைடரில் பழக்கியிருந்தார்கள்.

நான் படித்த பள்ளியில் ஒரு பட்டறை அறை இருந்தது. மரவேலை அங்கேதான் கற்றேன். போன மாதம் போய்ப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளை அடைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தால் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் அந்தப் பழைய வைஸ் துருப்பிடித்துக் கிடக்கிறது. நம் பிள்ளைகள் பன்னிரண்டு வருடம் படித்தும் ஒரு திருகாணியைக் கழற்றிப் பூட்டாமல் வெளியே வருகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். காப்புரிமை வழக்கு இன்னொரு நாள். தலைவர் அம்மா, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுக் கொட்டகையைப் பட்டறைக்குத் தாருங்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் அரம், ரம்பம், ஸ்பானர், கைத்துரப்பணம் எது கொடுத்தாலும் பெயர் எழுதுங்கள். சனிக்கிழமை காலை நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். வணக்கம்.