அந்தப் பிள்ளைகளிடம் யார் கேட்டார்கள்?

வணக்கம் நண்பர்களே. இரண்டு அம்மாக்களோடும் இரண்டு அப்பாக்களோடும் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, 2015-இல் வந்த ஆஸ்திரேலியப் படம் ‘கேபி பேபி’. இயக்குநர் மாயா நியூவெல். அவரையே வளர்த்தது இரண்டு அம்மாக்கள்தான்.

அப்போது அங்கே தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் இல்லை. ‘பிள்ளைகள் கதி என்னாவது?’ என்று பெரியவர்கள் மேடைக்கு மேடை வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாயா அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கே கேமராவோடு போனார். ஒருநாள் பேட்டி இல்லை, வருடக்கணக்கான படப்பிடிப்பு.

படத்தில் நான்கு பிள்ளைகள். ஒருவனுக்கு மல்யுத்தம் என்றால் உயிர். ஒரு பெண்ணுக்குக் கலைப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்ற கவலை. இன்னொருவனுக்கு, அம்மாவின் வாழ்க்கையைப் பாவம் என்று சொல்லும் சர்ச்சுக்கு அம்மாவே ஏன் போகிறார் என்று புரியவில்லை. நான்காவது பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறான். அவன் குடும்பம் ஃபிஜிக்குக் குடிபோகிறது. அங்கே, தனக்கு இரண்டு அப்பா என்பதை வெளியே சொல்லலாமா என்பதே அவனுக்குப் பிரச்சினை. அந்தப் பகுதியைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

‘எங்கள் குடும்பம் நல்ல குடும்பம்’ என்று யாரும் இவர்களைச் சான்றிதழ் வாசிக்க வைக்கவில்லை. சண்டை போடுகிறார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு இடம் கொடுத்ததுதான் இந்தப் படத்தின் பெரிய தைரியம் என்பேன். வெளியார் கண்ணுக்கு நல்ல பிள்ளையாகவே தெரிய வேண்டிய பாரம் இவர்கள் தலையில் எப்போதும் இருக்கிறது. படம் எடுப்பவரும் அதையே ஏற்றினால் எப்படி?

அதே வருடம் ஆகஸ்டில் சிட்னியின் ஒரு பெண்கள் பள்ளியில் இதைத் திரையிட ஏற்பாடானது. ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் பெரிய செய்தியாக்கியது. பள்ளி நேரத்தில் காட்டக்கூடாது என்று நியூ சவுத் வேல்ஸ் கல்வி அமைச்சர் தடுத்துவிட்டார். படம் முழுக்க வருவதோ பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்!

2017-இல் நடந்த அஞ்சல் வாக்கெடுப்பில் 61.6 சதவீதம் பேர் திருமணச் சமத்துவத்துக்கு ஆதரவளித்தார்கள், டிசம்பரில் சட்டமும் வந்தது. தங்கள் குடும்பத்தைப் பற்றிய அந்த வாக்கெடுப்பில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது.

உங்களில் யாராவது இப்படி எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் கையெழுத்து போட்டுவிட்டார்கள் என்று நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு முறை கேமராவை எடுக்கும்போதும் பிள்ளையிடம் கேளுங்கள். ‘இன்று வேண்டாம்’ என்றால் மூடி வைத்துவிடுங்கள். எடிட்டிங் முடிந்ததும் முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் நீக்கச் சொல்லும் காட்சியை நீக்கிவிடுங்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் சரி.