நேரத்துக்குத் தூங்கிய எலி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் வாழைத்தார் தொங்கவிட்டால் இரண்டே நாளில் சின்னச் சின்ன ஈ வந்து மொய்க்குமே, உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல அந்தப் பழ ஈயிலிருந்து தொடங்குகிறேன். முப்பது வருஷம் விலங்கியல் பாடம் எடுத்தேன், எந்த வகுப்பிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்த ஈ கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். பிறகு இருட்டிலேயே வைத்திருந்தாலும் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கொத்துக் கொத்தாக வரும். அப்படியானால் வெளிச்சத்தைப் பார்த்து வரவில்லை, உள்ளே ஏதோ நேரம் சொல்கிறது. கலிபோர்னியாவில் சீமோர் பென்சரிடம் ஆய்வு மாணவராக இருந்த ரொனால்ட் கொனோப்கா, நேரம் தப்பி வரும் ஈக்களைத் தேடித் தேடிப் பிடித்தார். மூன்று வகை கிடைத்தது. ஒன்றுக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதற்கு நேரம் காலமே கிடையாது. மூன்றிலும் பழுதாகியிருந்தது ஒரே மரபணு! 1971இல் இதை எழுதினார்கள். அந்த மரபணு வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தபோது கொனோப்கா உயிரோடு இல்லை, இரண்டு வருஷம் முன்புதான் காலமாகியிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

வேலை செய்யும் விதம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கும், தண்ணீர் இறங்கியதும் திரும்ப ஓடும். மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது, புரதம் சேர்ந்ததும் அதே மரபணுவை நிறுத்துகிறது, புரதம் அழிந்ததும் மறுபடி தொடக்கம். ஒரு சுற்றுக்கு ஒரு நாள்.

சரி, மூளைக்கு வருகிறேன். கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட தலைமைக் கடிகாரம் இருக்கிறது. ஆனால் அது மட்டும்தான் கடிகாரம் என்று நினைக்காதீர்கள், மற்ற மூளைச் செல்களிலும் இதே மரபணுக்கள் ஓடுகின்றன. 2013இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எரிக் மியூசிக் குழு, எலிகளின் மூளையில் பீமால்-1 என்ற கடிகார மரபணுவை எடுத்துவிட்டு, தலைமைக் கடிகாரத்தில் மட்டும் விட்டுவைத்தது. எலிகள் நேரத்துக்குத் தூங்கின, நேரத்துக்கு எழுந்தன. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. உள்ளேயோ, நரம்புச் செல்களைப் பராமரிக்கும் நட்சத்திர வடிவச் செல்கள் காயம் பட்ட இடத்தில் இருப்பதுபோல் தடித்துப்போயிருந்தன, நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் முனைகள் சிதைந்திருந்தன. காரணம், ஆக்சிஜனால் இரும்பு துருப்பிடிப்பதுபோல் உண்டாகும் சேதத்திலிருந்து செல்லைக் காக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவதும் இதே பீமால்-1தான். திரும்பவும் சொல்கிறேன், அந்த எலிகளுக்குத் தூக்கம் கெடவில்லை. செல்லுக்குள் இருந்த கடிகாரம்தான் கெட்டது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது, யாரும் பயப்பட வேண்டாம்.

அல்சைமர் என்ற மறதி நோய் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், இரண்டு நிமிஷம் என்று கை காட்டுகிறார்கள். என் அம்மாவுக்கு அந்த நோய் இருந்தது. சாயங்காலம் ஆறு மணியானால் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டு வாசலிலேயே நின்று, "வீட்டுக்குப் போகணும்" என்பார். அந்த நோயில் பகலும் இரவும் இப்படிக் குழம்புவது சகஜம். குழம்பியதால் செல்கள் கெடுகின்றனவா, செல்கள் கெட்டதால் குழம்புகிறதா, அல்லது இரண்டுமேவா? அதைத்தான் இப்போது பல ஆய்வகங்களில் தேடுகிறார்கள். தலைமைக் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம், அதனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் காலையில் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அப்புறம், ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்களைப் பற்றி... நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.