ரகசியக் கோப்பும் கிரயப் பத்திரமும்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அரசு ரகசியம் என்றதும் நமக்கு ராணுவமும் உளவாளியும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். புறவழிச்சாலை எந்த ஊர் வழியாகப் போகும், புதுநகரம் எந்தச் சர்வே எண்களில் வரும் என்பதும் அறிவிப்பு வரும்வரை அரசு ரகசியம்தான். அந்த வரைபடத்தைப் பார்த்த அதிகாரி, அறிவிப்புக்கு முன்பே மைத்துனர் பெயரில் நாலு ஏக்கரைக் கிரயம் செய்துகொண்டால் அவருக்கு என்ன தண்டனை? 2021-இல் தென் கொரியா முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டது.

அங்கே நிலத்துக்கும் வீட்டுவசதிக்கும் 'எல்எச்' என்று ஓர் அரசு நிறுவனம் உண்டு. நம் வீட்டு வசதி வாரியம் போல, ஆனால் அதைவிடப் பெரியது. சியோலுக்குப் பக்கத்தில் குவாங்மியோங், சிஹுங் பகுதியில் புதுநகரம் வரும் என்று அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று அரசு அறிவித்தது. ஒரு வாரம் முடிவதற்குள், மார்ச் 2 அன்று, ஒரு குடிமக்கள் அமைப்பும் ஒரு வழக்கறிஞர் சங்கமும் பத்திரிகையாளர்களைக் கூட்டின. எல்எச் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் 2018 முதலே அங்கே ஏறக்குறைய 1,000 கோடி வோனுக்கு நிலம் வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். நம் பணத்தில் 60 கோடி ரூபாய்க்கு மேல்.

வாங்கியதில் பெரும்பகுதி விளைநிலம். சில வயல்களில் வில்லோ மரக்கன்றுகளை நெருக்கி நெருக்கி நட்டிருந்தார்கள். நிலம் எடுக்கும்போது மரத்துக்கும் சேர்த்து இழப்பீடு கிடைக்கும் அல்லவா? இழப்பீட்டு விதிகளை நன்றாகத் தெரிந்தவர்கள் செய்த வேலை இது. வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போய், வாடகை வீட்டில் தவித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் கொதித்துப்போனார்கள். ஏப்ரல் 7 அன்று சியோல், பூசன் மேயர் இடைத்தேர்தல்கள் இரண்டிலும் ஆளுங்கட்சி தோற்றது.

பதவிக் கடமையும் சொந்த லாபமும் மோதும் நிலையைத் தடுக்க, 2013 முதல் பேசிப் பேசிக் கிடப்பில் கிடந்த நலமுரண் தடுப்புச் சட்டம், அந்த ஏப்ரல் 29 அன்றே நிறைவேறியது. 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பதவியால் தெரியவந்த ரகசியத்தை வைத்து லாபம் பார்க்கும் அரசு ஊழியருக்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது 7 கோடி வோன் வரை அபராதம். விஷயம் தெரிந்தே அவரிடம் தகவல் வாங்கிப் பயன்படுத்திய வெளியாளுக்கும் 5 ஆண்டு வரை சிறை உண்டு. கிடைத்த லாபம் பறிமுதலாகும். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பறிமுதல்தான். சிறைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் நிலம் அவருடையதாகவே இருக்கும் என்றால், சிறையை ஒரு செலவுக் கணக்காக எழுதிவிடுவார்கள்.

சட்டம் இருந்தால் வழக்கு தானாக ஜெயித்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சட்டத்தின் கீழ் வந்த எல்எச் வழக்கு ஒன்றில், 2021 நவம்பரில் கீழ்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. எந்தத் தகவல் ரகசியம், அது எப்படிப் பயன்பட்டது என்பதை அரசுத் தரப்பு தெளிவாக நிறுவவில்லை. மறு ஆண்டு மேல்முறையீட்டில்தான் சிறைத்தண்டனை கிடைத்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடம் இருப்பது 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம். வெள்ளைக்காரன் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டது. 2002-இல் இஃப்திகார் கிலானி என்ற பத்திரிகையாளர் அதன் கீழ் கைதாகி, ஏழு மாதம் சிறையில் இருந்தார். அவரிடம் இருந்தது இணையத்தில் யாரும் படிக்கக்கூடிய கட்டுரை என்று தெரிந்து, கடைசியில் அரசே வழக்கை வாபஸ் வாங்கியது. காகிதம் வெளியே போனதா என்று பார்க்கும் அளவுக்கு, அந்தக் காகிதத்தால் யார் சம்பாதித்தார்கள் என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

பொதுநலன் இல்லாமல் ஒருவருக்குப் பணப்பயன் கிடைக்கச் செய்வதைக் குற்றமாக்கிய ஒரு வரி ஊழல் தடுப்புச் சட்டத்தில் இருந்தது. நேர்மையாக முடிவெடுக்கும் அதிகாரியும் அதில் சிக்கிக்கொள்கிறார் என்று சொல்லி 2018-இல் அதை நீக்கினார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் நீக்கிய இடத்தில், தகவலை வைத்துச் சம்பாதிப்பவரை மட்டும் குறிவைக்கும் ஒரு பிரிவைச் சேர்த்திருக்க வேண்டும்.

ஆந்திராவின் தலைநகருக்குத் தேர்ந்தெடுத்த அமராவதியின் நில வழக்கில் இந்த ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. தலைநகர் அமையும் இடத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிலம் வாங்கினார்கள் என்பது புகார். பங்குச்சந்தையின் உள்வணிகம், அதாவது வெளியே வராத உள் தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது குற்றம் என்ற கருத்தை நில விற்பனைக்குப் பொருத்த முடியாது என்று 2021 ஜனவரியில் ஆந்திர உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. தலைநகர் எங்கே என்பது ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்த செய்திதான் என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். பங்குகளுக்கு மட்டும் சட்டம் எழுதிவிட்டு, மண்ணுக்கு எழுதாமல் விட்டது நாடாளுமன்றம்.

கொரியாவில் இதைக் கண்டுபிடித்தது காவல்துறை இல்லை. ஒரு துப்புக் கிடைத்ததும், அந்த வழக்கறிஞர்கள் நிலப் பதிவேட்டை எடுத்து, அதில் இருந்த பெயர்களை ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். இங்கேயும் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை யாரும் பார்க்கலாம். ஆனால் அரசு ஊழியர் துறையில் கொடுக்கும் சொத்து விவரம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால் ஒழிய வெளியிட வேண்டியதில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பிடுவதற்கு ஒரு பக்கம்தான் நம் கையில் இருக்கிறது. எல்லா ஊழியரின் விவரத்தையும் கேட்க வேண்டாம். நில எடுப்புக் கோப்பைக் கையாளும் அலுவலர்கள், அறிவிக்கைக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் தாங்களோ குடும்பத்தினரோ அந்தக் கிராமங்களில் வாங்கிய நிலத்தை அறிவிக்கையோடு சேர்த்தே வெளியிட வேண்டும் என்று கேட்போம். வருகிற கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.