போத்தலில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்

வணக்கம் நேயர்களே. பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் இரசாயன ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். விரிவுரையாளர் போன பிறகு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலையாக இருந்தது. வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் இறுதியாண்டு ஆய்வைத் தொடங்கப்போகிறவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மா அப்பாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது. 'லேப்பில் இரவு எட்டு மணி வரைக்கும் அப்படி என்ன வேலை' என்ற கேள்விக்குக் கொஞ்சம் பதில் கிடைக்கும்.

முதல் வருடங்களில் நீங்கள் செய்வது செய்முறைப் பயிற்சி. விடை ஏற்கெனவே தெரிந்த பரிசோதனைகள். பிழைத்தால் புள்ளி குறையும், அவ்வளவுதான். ஆய்வு தொடங்கிவிட்டால் கதை வேறு. நீங்கள் கலக்கி வைத்த கரைசலை இன்னொருவர் உங்களைக் கேட்காமலே எடுத்துப் பாவிப்பார். நீங்கள் எழுதி வைத்த எண்ணை நம்பி இன்னொருவர் அடுத்த வருட ஆய்வைத் திட்டமிடுவார். ஆய்வுகூட ஒழுங்கு என்று நாங்கள் சொல்வதில் முக்கால்வாசி அந்த அடுத்த ஆளுக்காகத்தான்.

போத்தலில் இருந்து தொடங்குவோம். வீட்டுக் குசினியில் உப்பு எது, சீனி எது என்று ஆச்சிக்குக் கை வைத்தாலே தெரியும். ஆய்வுகூடத்தில் ஆச்சி இல்லை. ஐதான ஐதரோகுளோரிக் அமிலமும் காய்ச்சி வடித்த நீரும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் கரைசலின் பெயர், செறிவு, தயாரித்த திகதி, உங்கள் பெயரின் முதலெழுத்து, இந்த நான்கும் போத்தலில் இருக்க வேண்டும். ஒட்டும் தாளில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் பேனை அழியாது என்று கடைக்காரர் சொல்வார். எதனோல் பட்டால் அழிந்துவிடும். பெயர் இல்லாத போத்தலை யாராலும் பாவிக்க முடியாது, பேசினில் ஊற்றவும் முடியாது. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் எதனோடு சேர்த்து ஊற்றுவது? எழுதாமல் விட்டவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். போத்தல் அலுமாரியிலேயே இருக்கும்.

அடுத்தது கொப்பி. ஆய்வுக்கொப்பி பேனையால் எழுதப்பட வேண்டும், அன்றைய வேலை அன்றைக்கே. டிப்பெக்ஸ் கூடாது. பிழையாக எழுதினால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வையுங்கள். வெட்டிய எண்ணும் வாசிக்கத் தெரிய வேண்டும். துண்டுக் கடதாசியில் எழுதி, இரவு விடுதியில் வைத்து அழகாகப் படியெடுக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய உண்டு. பள்ளிக்கூடத்தில் 'சுத்தமான கொப்பி'க்குப் பரிசு கொடுத்துப் பழக்கியதன் விளைவு அது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கறை படிந்த கொப்பியைத்தான் நான் நம்புவேன்.

நம்முடைய மட்டக்களப்பு வாவியையே எடுத்துக்கொள்வோம். நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்க இன்றும் விங்க்ளர் முறையைப் பாவிக்கிறார்கள். ஹங்கேரிக்காரரான லாயோஷ் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட முறை. குமிழி இல்லாமல் போத்தலை நிரப்பி, அந்த இடத்திலேயே மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் விட வேண்டும். ஒட்சிசன் இருந்தால் கபில நிறமாகத் திரளும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து அமிலம் சேர்த்துத் தயோசல்பேற்றால் நியமிப்பார்கள், அதாவது அதைத் துளித்துளியாக விட்டு எவ்வளவு செலவாகிறது என்று அளப்பார்கள். இதில் நேரம் மிக முக்கியம். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒட்சிசனை விடுகின்றன. இரவு முழுக்க எல்லா உயிர்களும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விடியும் நேரத்தில் ஒட்சிசன் குறைவாகவும், மத்தியானம் கழிந்தால் கூடவும் இருக்கும்.

ஒரு பிள்ளை காலை ஆறு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில் மாதிரி எடுக்க வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டு ஒன்பது மணிக்குப் போய் எடுக்கிறார். நியமிப்பில் ஒரு துளி பிசகவில்லை. ஆனால் கொப்பியில் 'ஆறு மணி' என்று எழுதிவிடுகிறார். சேர் ஏசுவார் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. நாளைக்கு வாவியில் மீன் செத்து மிதந்தால், அந்தக் கொப்பியைப் பார்க்கிறவர் 'விடியற்காலையிலும் ஒட்சிசன் போதுமாக இருந்ததே' என்று வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார். ஒன்பது என்றே எழுதியிருந்தால் அந்த எண்ணும் பயன்பட்டிருக்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா, முதல் நாள் மழை பெய்ததா என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. உப்பின் அளவே அதைப் பொறுத்து மாறும்.

பெரிய இடங்களிலும் இந்தக் கொப்பி விவகாரம்தான் ஆட்களைக் கவிழ்த்திருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் பௌதிகவியலாளர் மளமளவென்று கட்டுரைகளை வெளியிட்டார். வெவ்வேறு பரிசோதனைகளின் வரைபுகளில் ஒரே இரைச்சல் கோடு, அதாவது ஒவ்வொரு தடவையும் வேறாக வர வேண்டிய சிறு நடுக்கங்கள், அச்சொட்டாக இருப்பதை மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். 2002இல் விசாரணைக்குழு மூலத் தரவைக் கேட்டபோது முறையான ஆய்வுக்கொப்பி இல்லை, கணினிக் கோப்புகளும் அழிக்கப்பட்டிருந்தன. 24 குற்றச்சாட்டுகளில் 16இல் முறைகேடு நடந்தது என்று குழு முடிவு செய்தது.

சரி, இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. 'ஓம் சேர்.' விளங்கினாலும் ஓம் சேர், விளங்காவிட்டாலும் ஓம் சேர். பெரியவர் சொன்னதைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்த்திருக்கிறோம். வகுப்பில் அதனால் பெரிய கேடு வராது. ஆய்வுகூடத்தில் 'செறிந்த சல்பூரிக் அமிலத்தை ஐதாக்கி வை' என்று சொல்லிவிட்டு சேர் கூட்டத்துக்குப் போய்விடுவார். அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் மெதுவாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் அந்தச் சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும். விளங்காவிட்டால், 'சேர், நான் செய்யப்போவது இதுதானே?' என்று கேட்ட வேலையைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அதில் மரியாதையும் குறையாது, பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சேரிடம் கேட்கக் கூச்சமென்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அண்ணனிடம்கூடக் கேட்கலாம். எந்தப் பாத்திரம் எதில் உடையும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

உடைந்ததைச் சொல்லாமல் மறைப்பதும் இதே பயத்தில்தான். அளவி என்ற அளக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்தால் காசுதான் நட்டம். பழைய இரச வெப்பமானி உடைந்தால் அப்படி இல்லை. இரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும்; விளக்குமாற்றால் கூட்டினால் சிறு சிறு மணிகளாகி இடுக்கெல்லாம் போகும். உடனே சொன்னால் அரைமணி நேர வேலை. மேசைக்கடியில் தள்ளிவிட்டால் அந்த அறையில் இருக்கும் எல்லோரும் மாதக்கணக்கில் அதைச் சுவாசிப்பார்கள்.

உடுப்பைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். 2008 டிசம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் திரவம் சிதறி 23 வயதுப் பெண் ஒருவர் எரிகாயமடைந்தார். அவர் போட்டிருந்தது செயற்கை நூல் ஸ்வெட்டர், மேலங்கி இல்லை. 18 நாட்களில் இறந்துபோனார். நம் வெயிலில் மேலங்கி புழுங்கத்தான் செய்யும். பருத்தியில் தைத்துக்கொள்ளுங்கள். சால்வையோ முக்காடோ இருந்தால் அதன் நுனியை மேலங்கிக்குள் செருகிவிடுங்கள். பாட்டா செருப்பு வேண்டாம்.

கையுறையோடு கதவுப்பிடியையும் போனையும் தொடாதீர்கள். வெளியிடாத முடிவைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடாதீர்கள். கட்டுரையில் உங்கள் பெயர் வருமா, நன்றியுரையில் மட்டும் வருமா என்பதை ஆய்வு தொடங்கும்போதே மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள். அது கேட்கக்கூடாத கேள்வி இல்லை. கேட்காமல் இருந்து பிறகு மூன்று வருடம் மனஸ்தாபப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, விடைபெறும் விஷயம். பரீட்சை முடிந்த அடுத்த நாளே பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். குளிர்சாதனப் பெட்டியில் 'என்னுடையது, தொட வேண்டாம்' என்று ஒரு டப்பா மட்டும் மிஞ்சும், யாருடையது என்று இருக்காது. போவதற்கு முன் உங்கள் மாதிரிகளில் எதை வைப்பது, எதை எறிவது என்று மேற்பார்வையாளரோடு இருந்து முடிவெடுங்கள். கொப்பி ஆய்வுகூடத்துக்குச் சொந்தம். படியெடுத்துக்கொண்டு மூலத்தை விட்டுச் செல்லுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். அடுத்த பட்ச் பிள்ளைகள், நீங்கள் வேலை தேடி அலையும் நேரம் பார்த்து, 'அக்கா, பதினேழாம் பக்கத்தில் இது ஏழா ஒன்றா?' என்று எடுப்பார்கள். எடுத்துப் பதில் சொல்லுங்கள். வணக்கம்.